கம்பெனி யாருடைய சொத்து? ஃப்ரீட்மன் கட்டுரையும் சத்யம் கதையும்

கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்று எங்கே பேச்சு வந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் மில்டன் ஃப்ரீட்மன் பெயர் வந்துவிடும். 1970 செப்டம்பர் 13 அன்று நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தொழிலின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதுதான் என்பது தலைப்பு. அவரைக் கொண்டாடுகிறவர்கள் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். திட்டுகிறவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். நீளமான கட்டுரையும் அல்ல, ஒரு மணி நேரத்தில் நிதானமாகப் படித்துவிடலாம். நான் படித்தது பி.இ., பொருளாதாரமோ சட்டமோ அல்ல. ஆனால் ஒரு ஸ்பெசிஃபிகேஷன் டாக்குமென்ட்டைப் படிக்கிற மாதிரி, எந்த அனுமானத்தின் மேல் எது நிற்கிறது என்று கோடு போட்டுப் படித்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் அவர் என்ன சொல்கிறார் என்று நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கம்பெனியின் தலைமை நிர்வாகி ஒரு சம்பளக்காரர். அவருக்கு வேலை கொடுத்தவர்கள் கம்பெனியின் உரிமையாளர்கள், அதாவது பங்குதாரர்கள். அவர்கள் விருப்பப்படி நடத்துவது அவர் கடமை. பொதுவாக அந்த விருப்பம் அதிக லாபம். இந்த நிர்வாகி "சமூகப் பொறுப்பு" என்று சொல்லிச் செலவு செய்தால் அது யார் பணம்? லாபத்தைக் குறைத்தால் பங்குதாரர் பணம். விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் பணம். சம்பளத்தைக் குறைத்தால் தொழிலாளி பணம். ஆக, அவர் மற்றவர்கள் மேல் வரி போடுகிறார், அந்த வரியை எதற்குச் செலவழிப்பது என்றும் தானே முடிவு செய்கிறார். அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? வரி போடுவது அரசாங்கத்தின் வேலை அல்லவா?

இது சாதாரணமான கேள்வி இல்லை. அடுத்தவர் காசில் தர்மம் செய்து தன் பெயரைக் கல்வெட்டில் பொறித்துக்கொள்கிற ஆட்களை நம் ஊரில் பார்க்காதவர்கள் உண்டா? இன்னொன்றும் சொல்கிறார். சமூகப் பொறுப்பு என்ற பெயரில் கம்பெனிகள் செய்வதில் பாதி, சுயநலத்துக்குப் போட்ட பட்டுத் துணி என்கிறார். ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டினால் நல்ல தொழிலாளிகள் கிடைப்பார்கள் என்று கட்டுகிறார்கள், அப்புறம் அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இதிலும் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

அவர் போட்ட நிபந்தனையும் பலருக்கு மறந்துபோகிறது. லாபம் சம்பாதிப்பது சட்டத்துக்கும் சமூகத்தின் நெறிகளுக்கும் உட்பட்டு இருக்க வேண்டும், ஏமாற்று, மோசடி கூடாது என்று எழுதியிருக்கிறார். "ஃப்ரீட்மன் கொள்ளையடிக்கச் சொன்னார்" என்று எழுதுகிறவர்கள் கட்டுரையைப் பிரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சரி, அப்போ பிரச்சினை எங்கே? "உரிமையாளர்" என்ற ஒரே ஒரு சொல்லில். அதை அவர் நிரூபிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலப் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார். மொத்தக் கட்டடமும் அதன் மேல்தான் நிற்கிறது.

பங்கு வைத்திருப்பவர் கம்பெனிக்குச் சொந்தக்காரரா?

இந்தக் கேள்வி நம் உச்ச நீதிமன்றத்துக்கே ஒரு தரம் வந்திருக்கிறது. பச்சா குஸ்தார் வழக்கு, 1954. பம்பாயைச் சேர்ந்த ஒரு பெண்மணி தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தார். தேயிலைக் கம்பெனி வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானமாகக் கருதப்பட்டு மத்திய வருமான வரியிலிருந்து விலக்குப் பெறும், மீதி 40 சதவீதத்துக்குத்தான் வரி. "என் டிவிடெண்டும் அந்தத் தோட்டத்திலிருந்து வந்ததுதானே, எனக்கும் 60 சதவீத விலக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றம் முடியாது என்றது. தோட்டம் கம்பெனியுடையது. பங்குதாரருக்குக் கம்பெனி அறிவிக்கும் லாபத்தில் பங்கு கேட்கும் உரிமை உண்டு, கம்பெனி மூடப்பட்டால் கடனெல்லாம் போக மிஞ்சியதில் பங்கு உண்டு. கம்பெனியின் சொத்தில் அவருக்கு நேரடி உரிமை கிடையாது. கம்பெனி தனி ஆள், பங்குதாரர் தனி ஆள்.

மளிகைக் கடைக்காரர் தன் கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்தால் அது அவர் காசு. ஒரு பெரிய கம்பெனியின் பங்குதாரர் அதன் அலுவலகத்திலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போனால் அது திருட்டு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. கடை நொடித்தால் கடன்காரர்கள் கடைக்காரரின் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கம்பெனி நொடித்தால் பங்குதாரர் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், போட்ட காசு போச்சு, அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் "லிமிடெட்" என்று போடுவது இதற்காகத்தான். உரிமையாளருக்கு உள்ள பாரத்தைச் சட்டம் இறக்கி வைத்துவிட்டது. உரிமையாளர் என்ற பட்டத்தை மட்டும் முழுசாகக் கொடுப்பது எப்படி?

இப்படி யாருக்கும் நேரடியாகச் சொந்தமில்லாத சொத்து நமக்குப் புதிதல்ல. கோயில் நிலம் சட்டப்படி சாமியுடையது. சாமி ஒரு சட்ட நபர், வழக்குப் போடலாம், சொத்து வைத்திருக்கலாம். தர்மகர்த்தா சொந்தக்காரர் இல்லை, பக்தரும் சொந்தக்காரர் இல்லை. அதனால் கேள்வி கேட்க ஆளே இல்லை என்று ஆகிவிடாது. தர்மகர்த்தா நிலத்தைத் தன் மைத்துனனுக்குக் குத்தகைக்கு விட்டால், கோயிலில் அக்கறை உள்ளவர் என்ற முறையில் பக்தர் நீதிமன்றம் போக வழி இருக்கிறது. "சிவன் சொத்து குல நாசம்" என்ற பயமும் ஒரு காலத்தில் காவலாக இருந்தது. கம்பெனியும் இந்த வகைச் சொத்துதான் என்று பார்த்தால் ஃப்ரீட்மனின் கேள்வியே மாறிவிடுகிறது. நிர்வாகி யாருக்காக லாபம் சம்பாதிக்கிறார் என்பதற்கு முன்னால், அவரிடம் யார் கணக்குக் கேட்க முடியும், கேட்பவர் கையில் என்ன தகவல் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சத்யம்: எல்லாக் கட்டத்திலும் டிக்

இதைச் சோதித்துப் பார்க்க இந்தியாவில் சத்யம் கம்ப்யூட்டர்ஸை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் அதன் கவர்னன்ஸுக்கு என்ன குறை? இயக்குநர் குழுவில் யார் யார் இருந்தார்கள் பாருங்கள்: பென்டியம் சிப்போடு பெயர் சேர்த்துப் பேசப்படும் வினோத் தாம், ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் கிருஷ்ண பலேபு, மத்திய அரசின் முன்னாள் கேபினட் செயலர் டி.ஆர். பிரசாத், ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் டீன் ராம்மோகன் ராவ். ஆடிட்டர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ். நியூயார்க்கிலும் பட்டியலிடப்பட்ட கம்பெனி. 2008-ல் கார்ப்பரேட் கவர்னன்ஸுக்காகவே கோல்டன் பீகாக் விருது வாங்கியது.

2008 டிசம்பர் 16 அன்று இந்தக் குழு கூடி, மேட்டாஸ் என்ற பெயருள்ள இரண்டு கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கொடுத்தது. ஒன்று ரியல் எஸ்டேட், இன்னொன்று கட்டுமானம். ஐ.டி. கம்பெனிக்கு இது எதற்கு? சத்யம் என்ற ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டால் மேட்டாஸ். சேர்மன் ராமலிங்க ராஜுவின் குடும்பக் கம்பெனிகள். நியூயார்க் சந்தையில் சத்யம் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது. சில மணி நேரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

இங்கே பங்குதாரர் பக்கம் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குழு தலையாட்டியதைச் சந்தை தடுத்தது. பங்குதாரர்கள் கோபப்பட்டு விற்றிராவிட்டால் பொய்க் கணக்கு இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராஜு குழுவுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. 2008 செப்டம்பர் கணக்குப்படி கையிலும் வங்கியிலும் ₹5,361 கோடி இருக்க வேண்டும். அதில் ₹5,040 கோடி இல்லவே இல்லை. அந்தக் காலாண்டுக்குக் காட்டிய வருமானம் ₹2,700 கோடி, உண்மை ₹2,112 கோடி. காட்டிய செயல்பாட்டு லாபம் ₹649 கோடி, உண்மை ₹61 கோடி. அன்றைக்கு ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

கடிதத்தில் தொகைகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் சொன்ன காரணம். புரமோட்டர்களிடம் இருந்த பங்கு கொஞ்சம். கம்பெனி சரியாக ஓடவில்லை என்று தெரிந்தால் வேறு யாராவது வளைத்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இடைவெளியை மறைத்துக்கொண்டே வந்ததாக எழுதியிருந்தார். மேட்டாஸை வாங்க முயன்றது, இல்லாத சொத்தின் இடத்தில் இருக்கிற சொத்தை வைக்கும் கடைசி முயற்சியாம். இது குற்றவாளி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது, உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் யோசியுங்கள். நிர்வாகியை ஒழுங்காக வைத்திருப்பது கம்பெனி கைமாறிவிடுமோ என்ற பயம்தான் என்று பங்குதாரர் மையக் கோட்பாட்டின் புத்தகங்கள் சொல்கின்றன. இங்கே அந்தப் பயம் பொய்க் கணக்குக்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சம்பந்தப்பட்டவரே சொல்கிறார். ஃப்ரீட்மன் மோசடி கூடாது என்றார், உண்மை. மோசடியைக் கண்டுபிடிக்கும் கருவி யார் கையில் இருக்கும் என்று அவர் கட்டுரை யோசிக்கவே இல்லை.

அந்தக் கருவி எப்படி இருந்தது? வங்கியில் டெபாசிட் இருக்கிறதா என்று ஆடிட்டர் வங்கியிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை நேரடியாக வாங்க வேண்டும். கேள்வியும் பதிலும் போய்வருவதை ஆடிட்டர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011-ல் சொன்னது. பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் அதற்காக அபராதம் கட்டின. எங்கள் தொழிலில் சொன்னால், கோட் எழுதினவனிடமே டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எழுதி வாங்கிக்கொள்வது. டெஸ்ட் எப்போதும் பாஸ்தான்.

சுயேச்சை இயக்குநர்களும் இதே நிலைமையில்தான் இருந்தார்கள். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் நீதிமன்றம் தண்டனை கொடுத்த 10 பேரில் அவர்கள் யாரும் இல்லை. அவர்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் அவர்கள் கைக்கு வந்த ஒவ்வொரு காகிதமும் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமிருந்தே வந்தது. அவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் அழைப்பில்தான். ஹார்வர்ட் மூளையாக இருந்தாலும் உள்ளே போகும் தகவல் பொய்யானால் வெளியே வரும் முடிவு என்னவாக இருக்கும்?

ஜனவரி 8 அன்று யார் மாட்டிக்கொண்டார்கள்?

2009-ல் நானும் இதே ஐ.டி. துறையில்தான் இருந்தேன். எங்கள் கேன்டீனில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. பங்கு விலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மாதச் சம்பளம் வருமா, வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும், கம்பெனி விசாவில் அமெரிக்காவில் இருப்பவன் என்ன செய்வான் என்பதுதான் பேச்சு. சுமார் 50,000 பேர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதற்கு ஃப்ரீட்மன் வழியில் வரும் பதில் எனக்குத் தெரியும். தொழிலாளிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, வங்கிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, எல்லோரும் வாங்கியது போக மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு. அதனால் ரிஸ்க் எடுப்பது அவர், இயக்குநரின் விசுவாசமும் அவருக்குத்தான். பாடப் புத்தகத்தில் இது சரி. ஆனால் ஒரு கம்பெனியில் சேரலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இருபத்திரண்டு வயசுப் பையன் பார்ப்பதும் அதே ஆண்டறிக்கையைத்தான். வங்கியில் பணம் உண்மையிலேயே இருக்கிறது என்று அவன் ஆஃபர் லெட்டரில் ஒரு ஷரத்தும் கிடையாது. பங்குதாரர் ஒரு பட்டனைத் தட்டி, நஷ்டத்தோடாவது, வெளியே போய்விடலாம். ஐந்து வருஷ அனுபவத்தையும் குடும்பத்தையும் ஒரு ஊரில் போட்டவனுக்கு அந்தப் பட்டன் இல்லை. ரிஸ்க்கை அளக்கிறோம் என்றால் வெளியே போக எவ்வளவு செலவாகும் என்பதையும் அளக்க வேண்டாமா?

பங்குதாரர்கள்கூட ஒரே ஜாதி இல்லை. அமெரிக்காவில் சத்யம் பங்கு வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள், கம்பெனி 12.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இந்தியாவில் அதே பங்கை வாங்கிய சிறு முதலீட்டாளருக்கு அப்படிக் கூட்டு வழக்குப் போடும் வழி கம்பெனிச் சட்டத்தில் அப்போது இல்லை. ஒரே கம்பெனி, ஒரே பொய், இரண்டு விதமான "உரிமையாளர்".

அரசு என்ன செய்தது என்பதும் கவனிக்க வேண்டியது. சில நாட்களில் பழைய இயக்குநர் குழுவை நீக்கிவிட்டு தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகியோரை நியமித்தது. பிறகு இன்னும் மூவர் சேர்ந்தார்கள். அவர்களை எந்தப் பங்குதாரரும் தேர்ந்தெடுக்கவில்லை. வாடிக்கையாளர்களைப் பிடித்துவைத்து, சம்பளம் போட்டு, கம்பெனியை ஓடுகிற நிலையில் வைத்திருந்தார்கள். ஏப்ரலில் டெக் மஹிந்திரா பங்குக்கு ₹58 கொடுத்து ஏலத்தில் எடுத்தது. கம்பெனி பங்குதாரரின் தனிச் சொத்து என்று எல்லோரும் உண்மையிலேயே நம்பியிருந்தால் "அவர்கள் பாடு" என்று விட்டிருக்க வேண்டும். நெருக்கடி வந்ததும் யாரும் அப்படி நினைக்கவில்லை.

சட்டத்தில் பெயர் இருக்கிறது, சாவி இல்லை

சத்யத்துக்குப் பிறகு வந்தது 2013 கம்பெனிகள் சட்டம். இதில் எல்லோரும் பேசுவது 135-ஆம் பிரிவு, அதாவது குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். ஃப்ரீட்மன் இருந்திருந்தால் பேசாமல் வரியாகவே வாங்கிவிடுங்கள் என்றிருப்பார், நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொள்கிறேன். மரம் நடும் போட்டோ 2 சதவீதத்தில் வந்துவிடுகிறது. மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்று கேட்பதற்குள் ஆண்டறிக்கை முடிந்துவிடுகிறது.

முக்கியமானது 166-ஆம் பிரிவு. இயக்குநர் கம்பெனியின் நலனுக்காகவும், ஊழியர், பங்குதாரர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனுக்காகவும் நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. படிக்க அழகு. மீறினால்? ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். யார் வழக்குப் போடலாம்? புதிதாக வந்த 245-ஆம் பிரிவின் கூட்டு வழக்கு உரிமை பங்குதாரருக்கும் டெபாசிட் போட்டவருக்கும்தான். ஊழியர் பெயர் கடமைப் பட்டியலில் இருக்கிறது, வழக்குப் போடுபவர் பட்டியலில் இல்லை. கோயிலில் பக்தனுக்கு உள்ள வழிகூட இங்கே தொழிலாளிக்கு இல்லை.

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிசினஸ் ரவுண்ட்டேபிள் அமைப்பில் 181 தலைமை நிர்வாகிகள் கையெழுத்துப் போட்ட அறிக்கையும் இதே ரகம். இனி எல்லாத் தரப்பினருக்காகவும் நடத்துவோம் என்றார்கள். பெயர்ப் பட்டியல் நீண்டது. கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கும் கூடவில்லை. இந்த இடத்தில் ஃப்ரீட்மனின் கிண்டல் அப்படியே பொருந்துகிறது. எல்லோருக்கும் பொறுப்பு என்று சொல்கிற நிர்வாகி கடைசியில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவரைப் பின்பற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி உண்டு. 2 சதவீதத்துக்குக் கூச்சல் போட்டவர்கள், 2017 நிதிச் சட்டம் அரசியல் நன்கொடைக்கு இருந்த 7.5 சதவீத உச்சவரம்பை எடுத்தபோது எங்கே இருந்தார்கள்? எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று பங்குதாரருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அதோடு போனது. அடுத்தவர் காசை, அவருக்குத் தெரியாமல், நிர்வாகி தன் இஷ்டத்துக்குக் கொடுப்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எது? 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம்தான் தேர்தல் பத்திரங்களோடு சேர்த்து இதையும் ரத்து செய்தது. ஆட்டத்தின் விதிக்குள் நின்று லாபம் சம்பாதி என்றார் ஃப்ரீட்மன். விதி எழுதுகிறவருக்கே ஆட்டக்காரர் பணம் கொடுக்கும்போது என்ன செய்வது என்பதற்கு அந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

சரி, நம்மால் ஆகக்கூடியது என்ன? சேரப் போகும் கம்பெனியோ காசு போடப் போகும் கம்பெனியோ, அதன் ஆண்டறிக்கையை எடுங்கள். மரம் நடும் படங்களைத் தள்ளிவிட்டு, "தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்" என்ற பகுதிக்குப் போங்கள், மேட்டாஸ்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். புரமோட்டர் தன் பங்குகளை எவ்வளவு அடகு வைத்திருக்கிறார் என்று பாருங்கள், சத்யத்துக்குப் பிறகு செபி அதைக் கட்டாயமாக வெளியிட வைத்திருக்கிறது. ஆடிட்டர் போட்ட குறிப்புகளைப் படியுங்கள். முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் தர வேண்டிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் ஊழியர்கள் எத்தனை சதவீதம் விட்டுப் போகிறார்கள் என்று இருக்கும், அதையும் பாருங்கள். மொத்தம் அரை மணி நேர வேலை. பொறுப்பு, விழுமியம், குடும்பம் என்று சேர்மன் எழுதும் முன்னுரையை நேரம் மிச்சம் இருந்தால் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.